பழைய ரைஃபிள்: துளைக்க வேண்டுமா, துடைத்தால் போதுமா?

கேள்வி: குழலின் வாய்வழியாக வெடிமருந்தும் குண்டும் கெட்டிக்கிற 19ஆம் நூற்றாண்டு ரைஃபிள் ஒன்று விலைக்கு வருகிறது. குழலுக்குள் ஒரே கறுப்பு, துரு. “கொஞ்சம் பெரிதாகத் துளைத்துப் புதுக் காடி (குண்டைச் சுழலவைக்கும் உட்பள்ளம்) வெட்டினால் சரியாகிவிடும்” என்கிறார் விற்பவர். அதை நம்பி வாங்கலாமா?

பதில்: விலை பேசும் முன், உள்ளே மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். கெட்டித்தபடியே தலைமுறை தாண்டிக் கிடக்கும் துப்பாக்கிகள் உண்டு. கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் இன்றும் வெடிக்கும். குழலின் வாய்க்கு நேராக நிற்காமல், மரக்கம்பி ஒன்றை மெதுவாக உள்ளே விட்டு வாயளவில் குறி போடுங்கள். பிறகு அதை வெளியே எடுத்து, குறி வாயோடு பொருந்தும்படி குழலோடு ஒட்டிவைத்தால் கம்பியின் நுனி பின்பக்க அடைப்பு வரை வர வேண்டும். ஓரிரு அங்குலம் முன்பே நின்றால் கை வைக்காதீர்கள், தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள்.

சரி, காலியாகத்தான் இருக்கிறது. இனி அந்தக் கறுப்பைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. சுட்ட பிறகு தங்கும் கசடு காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். அதில் பாதி வெறும் அழுக்காகவே இருக்கும். சூடான சோப்புத் தண்ணீர், பிறகு துரு இளக்கும் எண்ணெயில் ஓர் இரவு ஊறல், வெண்கல பிரஷ், மிக மெல்லிய ஸ்டீல் வுல். இவ்வளவுக்குப் பிறகுதான் குழலின் உண்மை நிலை தெரியும். விற்பவர் சம்மதித்தால் வாங்கும் முன்பே செய்துபாருங்கள்.

அப்புறம், இறுக்கமான துணியைக் கம்பியில் சுற்றி மெதுவாகத் தள்ளுங்கள். துணி சிக்கினால் அங்கே அரிப்புக் குழி. திடீரென்று தளர்ந்தால் குழல் உப்பியிருக்கலாம். குழி இருப்பதாலேயே ரைஃபிள் வீண் இல்லை. இதில் ஈய உருண்டை குழலைவிடச் சற்றுச் சிறியது. அதைச் சுற்றிய துணிதான் காடியைப் பிடிக்கிறது. அதனால் கூம்புக் குண்டைவிட உருண்டைக் குண்டு குழிகளை நன்றாகவே பொறுத்துக்கொள்ளும். துணியைக் கிழிப்பது குழியின் கூர்மையான விளிம்பு. குழலுக்குள்ளேயே ஈயம் வார்த்து, தேய்ப்புப் பொடி பூசி முன்னும் பின்னும் இழுத்தால் அந்தக் கூர்மை போய்விடும். குழி போகாது, போகவும் வேண்டாம். தொழில் தெரிந்தவர் பரிசோதித்துச் சுடலாம் என்று சொன்ன பிறகு, சுட்டுவிட்டு, குண்டோடு வெளியே விழுந்த துணியைத் தேடி எடுத்துப் பாருங்கள். கிழியாமல் இருந்தால் மேற்கொண்டு செலவே வேண்டாம்.

தேய்ந்த காடியை ஆழமாக வெட்டி, அதற்கேற்ப பெரிய குண்டு அச்சு செய்து கொடுப்பது அந்தக் காலத்துக் கொல்லர்களின் வழக்கம்தான். ஆனால் இன்று அப்படிச் செய்தால் பழம்பொருள் மதிப்பு குறையும், புது அச்சும் வாங்க வேண்டும், மெல்லிய குழல் இன்னும் மெலியும். சுட்டே ஆக வேண்டும் என்றால் உள்ளே புதுக் குழாய் செருகுவது மேல். பழைய அளவும் வெளித்தோற்றமும் அப்படியே இருக்கும். இரண்டுக்குமே பின் அடைப்பைக் கழற்ற வேண்டும். துருப்பிடித்த பழைய மரை அதில் கெட்டுப்போகும் வாய்ப்பு அதிகம்.

அதனால் விற்பவர் சொல்லும் அந்த வேலையின் கூலியை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள். உப்பலோ விரிசலோ பின் அடைப்பில் தளர்ச்சியோ தெரிந்தால், சுவரில் மாட்டும் பொருளின் விலைக்கு மட்டும் வாங்குங்கள்.