எட்டு மணி மாத்திரை எட்டு மணிக்கே

நரம்பியல் வார்டிலும் செவிலியர் வகுப்பறையிலுமாக என் காலம் போயிருக்கிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதி மருந்தின் அளவைப் பற்றியவை. ஆனால் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் கோளாறு நேரத்தில்தான் இருக்கிறது.

அப்பாவுக்கு பார்க்கின்சன் நோய். காலையில் இட்லி, சாம்பார் சாப்பிட்டதும் சின்டோபா கொடுக்கிறோம். பதினோரு மணி வரைக்கும் கால் எழும்பவே மாட்டேன் என்கிறது. மாத்திரையைக் கூட்டலாமா, சிஸ்டர்? (உசிலம்பட்டி வாசகி)

கூட்டாதீர்கள் அம்மா. முதலில் நேரத்தை மாற்றிப் பாருங்கள். உளுந்திலும் துவரம்பருப்பிலும் புரதம் நிறைய இருக்கிறது. குடலிலும் மூளையின் வாசலிலும் புரதச்சத்து நுழையும் அதே வழியில்தான் சின்டோபாவில் இருக்கும் லெவோடோபா மருந்தும் நுழைய வேண்டும். வழியில் கூட்டம் இருந்தால் மருந்து வெளியிலேயே நின்றுவிடும். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்போ, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தோ கொடுங்கள். வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு வாய் அரிசிக் கஞ்சி போதும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள்.

அப்பாவை வேறு எதற்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும், மாத்திரை நேரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டாஃப் கையில் கொடுங்கள். வார்டு ரவுண்டு எட்டு மணிக்கு என்பதற்காக ஆறு மணி மாத்திரை காத்திருக்கக் கூடாது. வாந்திக்கு ஊசி போட வந்தால் "பார்க்கின்சன் இருக்கிறது" என்று முந்திக்கொண்டு சொல்லுங்கள். மெட்டோகுளோப்ரமைட் இவர்களுக்கு ஆகாது, உடல் இன்னும் இறுகிவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்புமாக உயிருக்கே ஆபத்து வரலாம்.

நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலி விதைப் பொடி வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த விதையில் இருப்பதும் லெவோடோபாதான். பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க முடியாததால், மாத்திரையோடு சேரும்போது அளவு மீறிவிடும். டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

வலிப்புக்குப் போடும் ஃபெனிடாயின் ஊசியை ஏன் குளுக்கோஸ் பாட்டிலில் கலக்கக் கூடாது? (மதுரை, செவிலியர் மாணவி)

பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் இருக்கும். நான் அதைக் கண்ணால் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவசரத்தில் ஒருவர் குளுக்கோஸ் ஓடிக்கொண்டிருந்த லைனிலேயே இதைச் செலுத்தினார். தெளிவாக இருந்த டியூப் நொடியில் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்துப்போனது. உடனே லைனை மூடினோம். இந்த மருந்து கரைந்து நிற்பது கடுமையான காரத்தன்மையில், அதாவது பி.எச். 12 அளவில். குளுக்கோஸ் அமிலத்தன்மை கொண்டது, அதனால் மருந்து படிகமாகப் பிரிந்துவிடுகிறது. ஆகவே நார்மல் சலைன் என்னும் உப்புநீர் மட்டுமே. முன்னும் பின்னும் சலைனால் லைனை அலசு.

இதில் வேகம்தான் உயிர். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 50 கிலோ எடையுள்ளவருக்கு 1000 மில்லிகிராம் எழுதியிருந்தால், 20 நிமிடமாவது ஆக வேண்டும். முதியவர், இதயநோயாளி என்றால் இன்னும் மெதுவாக. ஈ.சி.ஜி. மானிட்டரும் பி.பி.யும் பார்த்தபடி பக்கத்திலேயே நில். வேகமாகப் போனால் ரத்த அழுத்தம் சரியும், இதயத்துடிப்பு தடுமாறும். புறங்கையின் சின்ன ரத்தக்குழாயைத் தவிர்த்து, முழங்கை அருகே பெரிய ரத்தக்குழாயாகப் பார். மருந்து கசிந்தால் கை ஊதா நிறமாக வீங்கும்.

மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபில் வலிப்பு மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா? (வாடிப்பட்டி)

மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடிக்கவே கூடாது, நாள் முழுதும் இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். சிரப்பாகக் கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஃபெனிடாயின் சிரப் என்றால் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். குலுக்காவிட்டால் மேலே தண்ணீர், அடியில் மருந்து. டியூபில் ஊற்றும் பாலும் கஞ்சியும் இந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும், எவ்வளவு இடைவெளி விடுவது என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மகனுக்கு 19 வயது. மாத்திரையால் இரண்டு வருடமாக வலிப்பு இல்லை. சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை பார்த்துவிட்டு, விடிய விடிய இருந்து அழகர் ஆற்றில் இறங்குவதையும் பார்க்க வேண்டும் என்கிறான். (மேலூர்)

போகட்டும், ஆனால் விடிய விடிய வேண்டாம். தூக்கமில்லாத இரவும் தப்பிப்போன மாத்திரையும் சேர்ந்தால் இரண்டு வருட நிம்மதி ஒரே இரவில் போய்விடும். எதிர்சேவையோ, விடியற்காலை வைகையோ, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். விடியற்காலை என்றால் முந்தின இரவு சீக்கிரம் படுக்கட்டும். மாத்திரை சட்டைப்பையில் இருக்கட்டும். மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. விவரம் தெரிந்த ஒருவர் கூடவே போகட்டும்.

வலிப்பு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மணியைப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் சாவி திணிப்பதால் ஒரு பயனும் இல்லை, வாயில் எதையும் வைக்கவே கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால் 108. மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்ப்ரே டாக்டர் எழுதித் தந்திருந்தால் அதுவும் பையில் இருக்க வேண்டும்.

வால்ப்ரோயேட் சாப்பிடுகிறேன். அடுத்த மாதம் கல்யாணம். மாத்திரையை நிறுத்திவிடட்டுமா? (திருமங்கலம்)

நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா, வலிப்பு திரும்பும். ஆனால் கருவில் இருக்கும் குழந்தையின் முதுகுத்தண்டையும் பிற்கால அறிவு வளர்ச்சியையும் இந்த மருந்து பாதிக்கக்கூடும். குழந்தை உண்டான பிறகு மாற்றுவது தாமதம். வேறு மருந்துக்கு மாற்றுவதையும் ஃபோலிக் அமிலத்தையும் கல்யாணத்துக்கு முன்பே நரம்பியல் டாக்டரிடம் பேச வேண்டும். பத்திரிகை வைக்கிற அலைச்சலுக்கு நடுவே இந்த வாரமே ஒரு நாள் ஒதுக்கிப் போய் வாருங்கள்.