கிரான்கௌஸ்கி தொடாத சம்பளமும் உங்கள் இரண்டு சம்பளமும்

கேள்வி: நானும் மனைவியும் பாஸ்டன் அருகே மென்பொருள் வேலையில் இருக்கிறோம். எனக்கு எச்-1பி வேலை விசா, கிரீன் கார்டுக்கான ஐ-140 மனுவும் ஒப்புதல் ஆகிவிட்டது. மனைவி எச்-4 வேலை அனுமதியில் (எச்-1பி காரரின் துணைக்குக் கிடைப்பது) இருக்கிறார். என் சம்பளம் ஆண்டுக்கு 1,60,000 டாலர், அவருக்கு 95,000. அதுபோக எனக்குக் கம்பெனி சம்பளத்தோடு தரும் தன் சொந்தப் பங்குகள் (ஆர்எஸ்யூ) வருடத்துக்கு 50,000 டாலர் அளவுக்கு வருகின்றன. இரண்டு வயதில் ஒரு மகள். பேட்ரியாட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடிய ராப் கிரான்கௌஸ்கி தன் சம்பளத்தில் ஒரு காசு கூடத் தொடவில்லை என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். உண்மையா சார்? நாங்களும் மனைவியின் சம்பளத்தைத் தொடாமல் சேர்க்க நினைக்கிறோம். 9 லட்சம் டாலரில் ஒரு வீடும் பார்த்து வைத்திருக்கிறோம். இரண்டும் முடியுமா?

பதில்: அவரே சொன்னதுதான். 2015-ல் வந்த தன் புத்தகத்தில், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதற்குக் கிடைத்த போனஸையும் சம்பளத்தையும் அதுவரை தொடவே இல்லை, விளம்பர வருமானத்தில்தான் வாழ்கிறேன் என்று எழுதினார். அப்போது அவர் ஐந்து சீசன் முடித்திருந்தார். விலை உயர்ந்த காரோ நகையோ வாங்கவில்லை, பள்ளிக்கூட நாளில் போட்ட ஜீன்ஸைத்தான் இன்னும் போடுகிறேன் என்றும் சொல்லியிருந்தார்.

இதைச் சிக்கனக் கதையாக மட்டும் படிக்க வேண்டாம். அந்தப் பணம் எந்த நிமிடமும் நின்றுபோகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே முதுகு அறுவை சிகிச்சையால் 2009 சீசன் முழுக்கப் போயிற்று. அந்த முதுகுக்குப் பயந்துதான் 2010 டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) பல அணிகள் அவரைத் தாண்டிப் போயின. 42-வது ஆளாக பேட்ரியாட்ஸ் எடுத்தது. அடுத்த வருடமே 17 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) பிடித்து, டைட் எண்ட் என்னும் அவருடைய இடத்தில் ஆடியவர்களில் யாரும் ஒரே சீசனில் தொடாத எண்ணிக்கையை எட்டினார். 2012 ஜூனில் ஆறு ஆண்டுக்கு 5.4 கோடி டாலர் நீட்டிப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. கேட்கப் பெரிய தொகை. ஆனால் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஒப்பந்தத்தில் அறிவிக்கும் தொகை முழுவதற்கும் உத்தரவாதம் கிடையாது. அணி வைத்துக்கொண்டால்தான் பின்வரும் ஆண்டுகளின் சம்பளம் கைக்கு வரும்.

ஐந்தே மாதத்தில், நவம்பர் 18 அன்று கோல்ட்ஸ் அணியுடன் ஆட்டம். 59-24 என்று ஜெயித்தாயிற்று, சில நிமிடங்கள்தான் பாக்கி. டச்டவுனுக்குப் பிறகு அடிக்கும் ஒற்றைப் புள்ளி உதைக்கு எதிராளிகளைத் தடுத்து நிற்கும் சாதாரண வேலையில் அவருடைய முன்கை எலும்பு முறிந்தது. அந்தப் புள்ளியால் ஆட்டத்தில் ஒன்றும் மாறப்போவதில்லை. டிசம்பர் கடைசியில் திரும்பி வந்தவருக்கு ஜனவரியில் அதே கை மறுபடி முறிந்தது. 2013 டிசம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்தது. 2019-ல் 29 வயதில் ஓய்வு அறிவித்து, 2020-ல் பழைய அணித்தோழர் டாம் பிரேடியுடன் சேர தம்பா பே அணிக்குப் போய், 2021 பிப்ரவரி சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில் இரண்டு டச்டவுன் போட்டு நான்காவது கோப்பையும் வாங்கினார். 2022-ல் முழுவதுமாக நிறுத்திவிட்டார். இத்தனை காயங்களுக்கு நடுவில் வீட்டுக்கடனோ தவணையோ அவரை நெருக்கவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. 1996 முதல் 2003 வரை டிராஃப்டில் எடுக்கப்பட்டவர்களை வைத்து 2015-ல் ஒரு பொருளாதார ஆய்வு வந்தது. ஓய்வுபெற்ற 12 ஆண்டுக்குள் ஏறத்தாழ 16 சதவீதம் பேர் திவால் மனு போட்டிருந்தார்கள். அதிகம் சம்பாதித்தவர், நிறைய வருடம் ஆடியவர் என்பதெல்லாம் பெரிய பாதுகாப்பாக இருக்கவில்லை. சம்பாத்தியம் உச்சத்தில் இருக்கும்போது செலவை எந்த மட்டத்தில் வைத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கிரான்கௌஸ்கியின் அப்பா பஃபலோ பக்கம் உடற்பயிற்சிச் சாதனங்கள் விற்கும் தொழில் நடத்தியவர். ஐந்து பிள்ளைகளில் நான்கு பேர் என்எஃப்எல் வரை போனார்கள். வியாபாரம் பார்த்து வளர்ந்த வீடு, அதுவும் உதவியிருக்கும்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். மனைவி சம்பளத்தை ஒதுக்கி வைக்கும் யோசனை மிக நல்லது, செய்யுங்கள். ஆனால் உங்களிடம் இரண்டு தனித்தனி வருமானம் இருப்பதாக நினைக்காதீர்கள். உங்கள் வேலை போனால் வேறு வேலை தேட 60 நாள்தான் அவகாசம். அதற்குள் கிடைக்காவிட்டால் உங்கள் எச்-1பியோடு அவருடைய எச்-4 அனுமதியும் போகும். ஆர்எஸ்யூவும் அதே நாளில் நிற்கும். ஆக, மூன்று வருமானமும் உங்கள் ஒரு வேலையைப் பிடித்துத்தான் நிற்கின்றன. வழக்கமாக ஆறு மாதச் செலவைக் கையிருப்பாக வைக்கச் சொல்வேன். உங்களுக்கு ஒரு வருடம் வேண்டும். மனைவியின் சம்பளம் முதலில் அங்கே போகட்டும். அதிலும் அவருடைய 401கே ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் கம்பெனி தன் பங்குக்குப் போடும் தொகையை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

வீடு விஷயத்தில் ஒத்திப்போடுங்கள் என்றுதான் சொல்வேன். 20 சதவீதம் முன்பணம் கட்டினாலும் 7.2 லட்சம் கடன். 6.5 சதவீத வட்டியில் 30 ஆண்டுக்கு அசலும் வட்டியும் மட்டும் மாதம் 4,550 டாலர் ஆகிறது. சொத்து வரி, காப்பீடு, குழந்தையின் டேகேர் எல்லாம் சேர்ந்தால் உங்கள் சம்பளம் மட்டும் தாங்காது, மனைவியின் சம்பளத்தைத் தொட்டே ஆக வேண்டும். வங்கி இரண்டையும் கூட்டித்தான் தகுதி பார்க்கும், தாராளமாகக் கொடுக்கவும் செய்யும். நீங்கள் உங்கள் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்து விலை பாருங்கள். 6 லட்சத்தை ஒட்டி ஒரு வீடு அமைந்தால், கையிருப்பு நிறைந்த பிறகு தயங்காமல் வாங்கலாம்.

ஆர்எஸ்யூ பற்றியும் ஒரு விஷயம். கிரான்கௌஸ்கி 2014-ல் ஆப்பிள் பங்கில் 69,000 டாலர் போட்டு, அது 6 லட்சத்தைத் தாண்டியதாகச் சொல்லியிருக்கிறார். அதை நம்பி உங்கள் கம்பெனிப் பங்கைப் பிடித்து வைத்திருக்காதீர்கள். அவருக்கு அது நிறையச் சொத்தில் ஒரு சின்னத் துண்டு. உங்களுக்குச் சம்பளம் தரும் இடமும் சேமிப்பு இருக்கும் இடமும் ஒன்றாகிவிடும். கைக்கு வந்த அன்றே விற்றால் கூடுதல் வரி ஏதும் வராது, ஏனென்றால் வந்த அன்றைய மதிப்பு ஏற்கெனவே சம்பளமாகக் கணக்கில் ஏறியிருக்கும். பொதுவாக 22 சதவீதம்தான் மத்திய வரி பிடிப்பார்கள். உங்கள் கூட்டு வருமானம் 24 சதவீத அடுக்கில் இருப்பதால் அந்த வித்தியாசத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். மீதியைப் பல கம்பெனிகளின் பங்குகளை ஒன்றாக வைத்திருக்கும் பரந்த குறியீட்டு ஃபண்டில் போடுங்கள்.

அப்புறம், உடல்நலம் கெட்டு வேலை பார்க்க முடியாமல் போனால் பணம் தரும் நீண்டகால இயலாமைக் காப்பீடு கம்பெனியில் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் அளவுக்குத்தான் வரும், ஆர்எஸ்யூ அதில் சேராது. அந்த 60 சதவீதத்தில் வீட்டுத் தவணை அடங்குகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு வீட்டுத் தரகரைக் கூப்பிடுங்கள்.