ஒரு தப்புக்கே டிசி கொடுக்கிற பள்ளி நல்ல பள்ளியா? கேள்விகளும் என் பதில்களும்

உசிலம்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளிகளில் வாத்தியாராகவும் அப்புறம் தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மதுரையில் சில தனியார் பள்ளிகள் "ஒழுக்கம் மீறினால் முதல் தடவையே டிசி" என்று சேர்க்கையின்போதே பெற்றோரிடம் கையெழுத்து வாங்குகின்றன. ஜீரோ டாலரன்ஸ் என்று அதற்குப் பெயர். இது சரியா, பலன் தருமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேலூரிலிருந்து ஒரு அப்பா: நானும் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன்தான் சார். கண்டிப்பு இருந்தால் பிள்ளைகளுக்குப் பயம் இருக்கும், நல்லதுதானே? இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலிருந்து வந்தது. 1994இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். துப்பாக்கியோடு பள்ளிக்கு வருகிற மாணவனைக் குறைந்தது ஒரு வருடம் வெளியேற்ற வேண்டும், இல்லையென்றால் மத்திய அரசின் பணம் கிடையாது. ஆனால் அதே சட்டத்தில், ஒவ்வொரு பிள்ளையின் விஷயத்தையும் தனியாகப் பார்த்துத் தண்டனையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று வழியும் விட்டிருந்தார்கள். பள்ளிகள் அந்த வழியை மறந்துவிட்டு, துப்பாக்கிக்கு வைத்த தண்டனையைச் சண்டை, சிகரெட், எதிர்த்துப் பேசுவது என்று எல்லாவற்றுக்கும் இழுத்துவிட்டன. டெக்சாஸில் ஏறக்குறைய பத்து லட்சம் மாணவர்களை ஏழாம் வகுப்பு முதல் பின்தொடர்ந்து 2011இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்புக்குள் பத்தில் ஆறு பேர் ஒரு முறையாவது சஸ்பெண்ட் ஆகியோ வெளியேற்றப்பட்டோ இருக்கிறார்கள். அந்த நடவடிக்கைகளில் சட்டப்படி கட்டாயம் எடுக்க வேண்டியவை நூற்றுக்கு மூன்றுதான், மீதி எல்லாம் பள்ளிக்காரர்களே தங்கள் இஷ்டத்துக்கு எடுத்தவை. வெள்ளைக்காரப் பிள்ளைகளைவிடக் கறுப்பினப் பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டினார்கள்.

பலன் கிடைத்ததா என்றால், 2008இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு ஒன்று அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசிவிட்டு, இதனால் பள்ளி பாதுகாப்பாக மாறியதற்கு ஆதாரம் இல்லை என்று சொன்னது. ஒரு தடவை சஸ்பெண்ட் ஆனவன் திருந்தி வருவதைவிட மறுபடியும் சஸ்பெண்ட் ஆவதும் படிப்பை விடுவதும்தான் அதிகமாக இருந்தது. அதை விளைவித்த ஊரே யோசிக்க ஆரம்பித்த பிறகு நாம் புதுசாக வாங்கி வைத்திருக்கிறோம். பயம் இருக்கும் என்கிறீர்கள், இருக்கும்தான். அந்தப் பயம் பிள்ளைக்கு முதலில் கற்றுக்கொடுப்பது மாட்டாமல் செய்வது எப்படி என்பதைத்தான்.

திருமங்கலம் பக்கத்து ஆசிரியை: எங்கள் பள்ளியில் ஒன்பதரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள், ஒரு நிமிடம் பிந்தினாலும் அன்றைக்கு ஆப்சென்ட். எல்லோருக்கும் ஒரே விதி என்பதால் நியாயம்தானே என்கிறார் எங்கள் ஹெச்எம்.

டீச்சர், உங்கள் ஊரைச் சுற்றி மல்லிகை போடுகிற வீடுகள் எத்தனை என்று உங்கள் ஹெச்எம்மிடம் கேளுங்கள். மொட்டு விரிவதற்குள் பறித்து மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு அனுப்ப வேண்டும், விரிந்தால் விலை போச்சு. எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பெண் ஒன்று, நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு அம்மாவோடு விடியும் முன்பே பூ எடுத்துவிட்டு, குளித்து, சோறு கட்டிக்கொண்டு ஓடிவரும். டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது முக்கால் மணி நேரம் கழித்துத்தான். அந்தப் பிள்ளை பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து ஊர்ப் பெரிய மனிதர் தன் மகனைக் காரில் கொண்டுவந்து விடுவார், வாட்ச்மேன் எழுந்து நின்று கேட்டைத் திறப்பார். எல்லோருக்கும் ஒரே விதி என்கிற பேச்சு கேட்டுக்கு அந்தப் பக்கம் இப்படித்தான் நடக்கும்.

அந்தப் பெண் திரும்பி எங்கே போவாள் என்றும் யோசியுங்கள். அம்மா தோட்டத்தில், வீடு பூட்டியிருக்கும், அடுத்த பஸ் வரும் வரை ரோட்டோரம்தான். பள்ளிக்கு வந்த பெண் பிள்ளையை நாமே தெருவில் நிறுத்திவிட்டு அதை ஒழுக்கம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. நாங்கள் செய்தது சாதாரண விஷயம். பிந்தி வருகிறவர்களுக்கு ஒரு நோட்டு, காரணம் எழுத வேண்டும், வகுப்புக்குப் போய்விட வேண்டும். வாரக் கடைசியில் நோட்டைப் பார்ப்போம். பூவால் பிந்துகிற வீட்டில் அம்மாவைக் கூப்பிட்டு, சனி ஞாயிறு மட்டும் பிள்ளையைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள் என்று பேசினோம், ஒத்துக்கொண்டார்கள். டீக்கடையில் நின்று பிந்துகிறவனுக்கு விளையாட்டுப் பீரியட் போச்சு. ஒரே நோட்டுதான், ஆனால் ஆளைப் பார்த்துத்தான் முடிவு.

செல்லூரிலிருந்து ஒரு அம்மா: ஒன்பதாவது படிக்கும் என் மகன் பையில் கூல் லிப் என்கிற புகையிலைப் பொட்டலம் இருந்ததாம். நாளைக்கு வந்து டிசிக்கு எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். என்ன செய்வது ஐயா?

அம்மா, முதல் காரியம், எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். "சொந்த விருப்பத்தின்பேரில் டிசி கேட்கிறேன்" என்று உங்களிடம் ஒரு கடிதம் வாங்கிவிட்டால், பள்ளி யாரையும் வெளியேற்றவில்லை, நீங்களாகப் போனீர்கள் என்று ஆகிவிடும். வெளியேற்றுவதாக இருந்தால் காரணத்தைப் பள்ளியே எழுத்தில் தரட்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் தரமாட்டார்கள். அப்போது முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு கொடுங்கள், பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் சொல்லலாம்.

ஒன்பதாம் வகுப்பில் இது நடப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது. (சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.) எட்டைத் தாண்டினால் அந்தப் பாதுகாப்பு இல்லை, பத்தாம் வகுப்புப் பரீட்சையோ அடுத்த வருடம். நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்ட நினைக்கிற பள்ளிக்கு ஒழுக்கம் ஒரு நல்ல சாக்கு. உங்கள் மகனின் மார்க் எப்படி என்று எனக்குத் தெரியாது, ஆனால் இதே தப்பைச் செய்த முதல் ரேங்க் பையனுக்கும் டிசியா என்று பள்ளியில் கேட்டுப் பாருங்கள்.

கூல் லிப் சின்ன விஷயம் என்று நான் சொல்லவே மாட்டேன். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைக்கிற புகையிலைப் பொட்டலம் அது, வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே வைத்துக்கொள்ளலாம், புகையும் வராது. பள்ளிப் பிள்ளைகளிடம் இது பரவுவதைப் பற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே 2024இல் கவலைப்பட்டுக் கேள்வி கேட்டது. பையன் எத்தனை நாளாக வைக்கிறான், யார் கொடுத்தது என்று அடிக்காமல் கேளுங்கள். பழக்கமாகியிருந்தால் ராஜாஜி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். பள்ளிக்கும் ஒன்று சொல்கிறேன். கல்வி நிலையத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003லேயே சட்டம் இருக்கிறது. பையனை அனுப்பிவிட்டால் கடை அங்கேயேதான் இருக்கும், அடுத்த பையன் வாங்குவான்.

அவனியாபுரம் இளைஞர்: நாங்கள் எல்லாம் அடி வாங்கித்தான் சார் உருப்பட்டோம். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்.

தம்பி, உங்களோடு அடி வாங்கிப் பள்ளியை விட்டே ஓடிப்போனவர்கள் இன்றைக்கு இந்தக் கேள்வியைக் கேட்க இங்கே இல்லை. உருப்பட்டவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு அப்படித்தான் வரும். அடிப்பதும் மனசு நோகத் தண்டிப்பதும் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் தடை.

பள்ளி ஆசிரியர், வாடிப்பட்டி: பிள்ளைகளுக்காகவே பேசுகிறீர்கள். எங்களுக்கு யார் பாதுகாப்பு? 2012இல் சென்னையில் வகுப்பறையிலேயே ஓர் ஆசிரியையை மாணவன் குத்திக் கொன்றதை மறந்துவிட்டீர்களா?

மறக்கவில்லை சார். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் யாரும் பேசவில்லை. கத்தி கொண்டுவந்தால், ஆசிரியர் மேல் கை வைத்தால், அந்த நிமிடமே பிள்ளையை வகுப்பிலிருந்து அகற்ற வேண்டும், பெற்றோரையும் போலீசையும் கூப்பிட வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. மிச்ச முப்பத்தைந்து பிள்ளைகளுக்கும் ஆசிரியருக்கும் பாதுகாப்பாக இருக்க உரிமை உண்டு.

நான் எதிர்ப்பது, தலைமுடிக்கும் கத்திக்கும் ஒரே தண்டனைப் பட்டியல் வைப்பதை. பதினான்கு வயதுப் பிள்ளை கோபத்தில் இருக்கும்போது விதிப் புத்தகத்தை நினைத்துப் பார்ப்பதில்லை. அவன் நடத்தை மாறுவதை முன்கூட்டியே கவனிக்க ஓர் ஆள் வேண்டும். உங்களுக்கு அதற்கு எங்கே நேரம்? கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் பதிவு ஏற்றவே பாதிப் பொழுது போகிறது, முழுநேர கவுன்சிலர் என்று ஒருவரைப் பெரும்பாலான பள்ளிகள் பார்த்ததே இல்லை. ஆசிரியர் சங்கங்கள் பிரம்பைத் திருப்பிக் கேட்பதற்குப் பதிலாக, பள்ளிக்கு ஒரு கவுன்சிலர் கேட்டுப் போராடினால் முதல் ஆளாக வந்து உட்காருவேன்.

பெயர் வேண்டாம் என்ற ஒருவர், பேரையூர்: சாதிக் கயிறு விஷயத்திலும் மென்மையாக இருக்கச் சொல்வீர்களா?

மாட்டேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்தவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கச்சியையும் வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், கையில் கயிறு, நெற்றியில் சாதி அடையாளம் எதுவும் பள்ளிக்குள் வேண்டாம் என்றது. விதி அப்படித்தான் இருக்க வேண்டும், யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் கேட்டிலேயே கழற்ற வேண்டும். ஆனால் கழற்ற மறுக்கிறவனை டிசி கொடுத்து அனுப்பினால் அவன் ஊரில் வீரனாகிவிடுவான், அந்தக் கயிற்றைக் கட்டிவிட்டவர்களுக்கு முழுநேர ஆளாகவும் கிடைத்துவிடுவான். பள்ளிக்குள்ளேயே வைத்து, கலந்து உட்காரவைத்து, ஒரே டீமில் கபடி ஆடவைத்து, வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். கஷ்டமான வேலைதான். அடித்தவன் இருந்தால் அது சட்டத்தின் வேலை, அதைப் பள்ளி மூடி மறைக்கவே கூடாது.

பிளஸ் ஒன் மாணவர்: பாக்ஸ் கட்டிங் என்று சொல்லி அசெம்பிளியில் எல்லோர் முன்னாலும் முடியை வெட்டினார்கள்.

தப்பு தம்பி, அது மனதைத் துன்புறுத்துவது. வீட்டில் சொல்லுங்கள், பேச யாரும் இல்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள். முடியை மட்டும் பள்ளி சொல்கிறபடி வெட்டிக்கொண்டு போங்கள், அதில் தோற்றுப்போக ஒன்றுமில்லை.

அலங்காநல்லூர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்: எங்கள் பள்ளிக்கு நாங்களே விதி எழுதப் போகிறோம். எப்படி எழுதலாம்?

ஒரு பக்கத்துக்கு மேல் போகவிடாதீர்கள். ஆயுதம், அடிதடி, சாதியைச் சொல்லித் திட்டுவது, பாலியல் சீண்டல், போதை, இவற்றைத் தனியாக எழுதி, உடனே யாருக்குத் தகவல் போக வேண்டும் என்றும் எழுதுங்கள். மற்றவற்றுக்கு எல்லாம் முதலில் பிள்ளையிடம் தனியாகக் கேட்பது, அப்புறம் பெற்றோர், அப்புறம் குழு. உடைத்தவன் சரிசெய்ய வேண்டும், திட்டியவன் திட்டு வாங்கியவனிடம் நேரில் பேச வேண்டும், தண்டனை என்னவாக இருந்தாலும் பாடம் நிற்கக் கூடாது. யார் யார் மேல் நடவடிக்கை எடுத்தீர்கள் என்று நோட்டில் எழுதி மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ஒரே தெருப் பிள்ளைகள் பெயராகவே வந்தால் கோளாறு விதியை நடத்துகிறவர்களிடம் இருக்கிறது. குழுவில் மாணவர்கள் இரண்டு பேரையும் உட்காரவையுங்கள், அவர்களுக்கு நமக்குத் தெரியாதது நிறையத் தெரியும். எழுதி முடித்துப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டுகிற கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். வேலை நாளில் வைத்தால் மில்லுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்கள் வர முடியாது, கடைசியில் கார் வைத்திருப்பவர்கள் மட்டும் வந்து கைதட்டிவிட்டுப் போவார்கள்.