வாசகர் கேள்வி: பேரனுக்கு வரலாறு எதற்கு?

கேள்வி: என் பேரன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். அடுத்த ஆண்டுக்கான பாடங்களை இப்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். "செத்துப்போனவர்கள் கதையை மனப்பாடம் செய்து எனக்கு என்ன ஆகப்போகிறது, பாட்டி?" என்கிறான். அவனுக்கு எப்படிப் புரியவைப்பது?
– ஒரு பாட்டி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: அம்மா, தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பிலிருந்து வரலாறு விருப்பப் பாடம்தான் என்பதால், பேரன் கேட்பது நியாயமே. வரலாறு அறிவை வளர்க்கும் என்று பொதுவாகச் சொன்னால் அவன் காதில் ஏறாது. நாம் ஏன் சாட்ஸ்வர்த்தில் குடியிருக்கிறோம் என்று அவனிடமே கேட்டுப் பாருங்கள். டர்பனின் கேட்டோ மேனர் போன்ற இடங்களில் வாழைத்தோட்டமும் கோயிலுமாக வாழ்ந்த குடும்பங்கள், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டத்தால் வேரோடு பெயர்க்கப்பட்டு அறுபதுகளில் இங்கே குடியமர்த்தப்பட்டதைத் தங்கள் வாயால் அவன் கேட்க வேண்டும்.

தில்லையாடி வள்ளியம்மையின் பெயர் அவனுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் காந்தியின் தலைமையில் அவர் சிறை சென்ற போராட்டம், ஒப்பந்தம் முடிந்தும் இங்கே தங்கிய இந்தியர்கள் ஆண்டுதோறும் கட்ட வேண்டியிருந்த மூன்று பவுன் வரியை நீக்கவும் கோரியது. அந்த வரியை அவனையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தக் கூலிக்குத் தொடக்கத்தில் மாதச் சம்பளம் பத்து ஷில்லிங். ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங். ஆறு மாதச் சம்பளம் வரிக்கே போயிருக்கும்! 1895இல் வந்த அந்த வரி, 1903இல் பதினாறு வயதுப் பையன்களுக்கும் பதின்மூன்று வயதுப் பெண்களுக்கும் நீட்டிக்கப்பட்டது என்று சொன்னால், தன் வயதுப் பிள்ளைகளின் தலையில் விழுந்த சுமை அவனுக்கு விளங்கும்.

நம்மவர் பட்ட துன்பத்தோடு மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பல வீடுகளில் நடக்கும் தவறு அதுதான். 1949 ஜனவரியில், டர்பன் நகரில் ஆப்பிரிக்கச் சிறுவன் ஒருவனை இந்தியக் கடைக்காரர் அடித்ததில் மூண்ட கலவரத்தில், சிறுவன் இறந்துவிட்டான் என்ற வதந்தியும் சேர்ந்துகொள்ள, 142 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். வீட்டுக்கும் வேலைக்கும் இரு தரப்பையும் மோதவிட்ட நிறவெறி ஆட்சியின் பங்கையும், நம்மவரில் சிலரின் இறுமாப்பையும் சேர்த்தே சொல்லுங்கள். 2021 ஜூலைக் கலவரத்தின்போது, இந்தியர்கள் மிகுந்த டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் வாட்ஸப் வழியே வந்த செய்திகளை எப்படி எடைபோட்டிருக்க வேண்டும் என்று அவனே யோசிப்பான். இவ்வளவும் அறிந்தபின் அவன் வேறு பாடத்தை எடுத்தாலும் தடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் முன்னோர் எந்த ஊர் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வழி உண்டா?
– ஒரு வாசகர், டொங்காட்

பதில்: உண்டு. 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. கப்பல் பட்டியலில் அந்த எண்ணோடு தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலிலுள்ள தழும்பு வரை எழுதியிருப்பார்கள். வீட்டிலுள்ள பழைய பிறப்பு, திருமணச் சான்றிதழ்களில் அந்த எண் இருக்கிறதா என்று பிள்ளைகளையே தேடவிட்டு, கிடைத்ததும் டர்பன் ஆவணக் காப்பகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஊர்ப் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால், வாய்விட்டுப் படித்தால்தான் பல ஊர்கள் பிடிபடும்.