நாய் ரத்தத்தில் புழு: மாட்டு ஊசியைப் போடலாமா?

கேள்வி: தாம்பரம் பக்கம் ஐந்து கறவை மாடு வைத்திருக்கிறேன். காவலுக்கு ஒரு நாட்டு நாய், 20 கிலோ இருக்கும். முதுகிலும் காதோரத்திலும் ஓயாமல் சொறிகிறது, தோலுக்கடியில் சுண்டைக்காய் அளவில் இரண்டு கட்டி. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மைக்ரோபைலேரியா இருக்கிறதாம். இதயப்புழுவா சார்? மாட்டுக்குப் போட்ட ஐவர்மெக்டின் பாதி பாட்டில் கிடக்கிறது, அதையே போட்டுவிடலாமா? பிள்ளைகளுக்கு ஒட்டுமா?

பதில்: அந்த பாட்டில் பக்கமே போகாதீர்கள். அதில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. இதயப்புழு வராமல் தடுக்க உங்கள் நாய்க்கு மாதம் ஒருமுறை தேவைப்படுவது 0.12 மில்லிகிராம்தான், அதாவது ஒரு மில்லி எண்பது நாய்க்கு மேல் வரும், அதைச் சிரிஞ்சில் கண்ணளவாக அளந்து போடவே முடியாது. ரத்தத்தில் மைக்ரோபைலேரியா, அதாவது குஞ்சுப் புழு, நிறைய இருக்கும்போது அவை ஒரே நேரத்தில் செத்தால் நாய் அதிர்ச்சியில் சுருண்டு விழலாம். கோலி (Collie) என்ற வெளிநாட்டு இன ரத்தம் கலந்த நாயென்றால் அளவு மீறினால் இந்த மருந்தே மூளையைத் தாக்கலாம்.

மைக்ரோபைலேரியா என்றாலே இதயப்புழு என்று பயப்படவும் வேண்டாம். தென்னிந்திய நாய்களில் அதிகம் காண்பது டைரோபைலேரியா ரெபன்ஸ், தோலுக்கடியில் வாழும் புழு. நீங்கள் சொல்லும் அரிப்பும் கட்டியும் அதன் பக்கம்தான் சாய்கிறது. இதயப்புழு (டைரோபைலேரியா இமிட்டிஸ்) நம் நாட்டில் வடகிழக்கில்தான் அதிகம். அது இருந்தால் இருமல், கொஞ்சம் ஓடினாலே இளைப்பு வரும். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பார்த்தால் நூல்போல நெளிவது தெரியும், ஆனால் எந்தப் புழு என்பது அதில் தெரியாது. அதனால் இதயப்புழு ஆன்டிஜன் கிட் (இதயப்புழுவின் புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது), நாட்ஸ் டெஸ்ட் (குஞ்சுப் புழுவைத் திரட்டி மைக்ரோஸ்கோப்பில் எந்தப் புழு என்று பார்ப்பது) இரண்டும் செய்யச் சொல்லுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டினால் நல்லது. ரெபன்ஸ் என்று தெரிந்தால் டாக்டர் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளினும், மாதாமாதம் கழுத்தில் விடும் மாக்ஸிடெக்டின் சொட்டு மருந்தும் எழுதுவார். இதயப்புழு என்றால் வைத்தியமே வேறு, முடியும்வரை நாயை ஓடவிடக் கூடாது, செத்த புழு நுரையீரல் ரத்தக்குழாயை அடைக்கும்.

பிள்ளைகள் நாயைத் தொடுவதால் ஒட்டாது. ஆனால் அதே நாயைக் கடித்த கொசு, நம் வெயிலுக்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து மனிதரைக் கடித்தால் புழு உள்ளே போகலாம். கேரளத்திலும் இலங்கையிலும் மனிதர் கண்ணிலிருந்தே ரெபன்ஸ் புழுவை எடுத்திருக்கிறார்கள். மனித உடம்பில் அது பொதுவாகப் பெருகாது, கட்டியாக நின்றுவிடும், அந்த மட்டில் நிம்மதி. மாட்டுக்கு இந்தப் புழு வராது.

அப்புறம், கொசு எங்கே வளர்கிறது என்று பாருங்கள். தொழுவத்தைக் கழுவிவிடும் தண்ணீர் சாணியோடு ஓடையில் தேங்கி நிற்கிறதா? கியூலெக்ஸ் கொசுவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வாட்டம் சரிசெய்து ஓடவிடுங்கள், செப்டிக் டேங்க் காற்றுக் குழாயில் நைலான் வலை கட்டுங்கள், இரவில் நாயை வலையடித்த இடத்தில் படுக்க வையுங்கள். கொசு அண்டாமலிருக்க நாய்க்குத் தடவும் மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனையைக் கிட்டே விடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.