ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் நடந்து போனால் விரட்டுகிறார்களே, பாதையை மறிக்க அவர்களுக்கு என்ன உரிமை?

உங்களை யாரோ விரட்டியிருக்கிறார்கள். நானாகக்கூட இருக்கலாம். நாகலூர் பக்கம் எனக்கு மூன்றரை ஏக்கர் காபி. "எஸ்டேட் முதலாளி வந்துட்டாரு" என்று கீழே எழுத வருகிறவர்கள், அதில் அரை ஏக்கர் வெறும் பாறை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

போன ஏப்ரலில் நல்ல மழை. ஒன்பதாம் நாள் தோட்டமே வெள்ளையாகிவிட்டது. காபிப் பூ இரண்டு மூன்று நாள்தான் நிற்கும், அதற்குள் காய் பிடித்தால்தான் நவம்பரில் பழம். அன்று பார்த்து ஒரு கல்யாண ஜோடி, போட்டோக்காரர், லைட் பிடிக்க இரண்டு பேர். மல்லிகை மாதிரி இருக்கிறதென்று கிளையோடு ஒடித்துப் பெண் தலையில் வைத்திருந்தார்கள். கத்திக்கொண்டே ஓடினேன். "பூதானே சார், நாளைக்குப் பூக்காதா?" என்றார் மாப்பிள்ளை. பூக்காது சார். போன வருஷம் விட்ட கிளையில்தான் இந்த வருஷம் பூ வரும்.

கோபத்தில் மறுநாளே தடத்தில் கேட் போட்டுப் பூட்டினேன். அது என் தப்பு. மேலே இருக்கிற மலையாளிக் குடும்பங்கள் (கேரளாக்காரர்கள் இல்லை, இந்த மலையின் பழங்குடிகள்) ரேஷன் கடைக்கு அந்த வழியாகத்தான் வருவார்கள். விறகுச் சுமையோடு கேட்டுக்கு வெளியே நின்ற பாட்டி, "ஏஞ்சாமி, உங்க தாத்தன் தோட்டம் வாங்கறதுக்கு முன்னயே எங்க மாமன் நடந்த தடம் இது" என்றது. சுமையை இறக்கக்கூட இல்லை. நான் வக்கீல் இல்லை. ஆனால் 20 வருஷம் தடையில்லாமல், உரிமையாக நடந்து வந்த வழிக்கு 1882ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. அது பாட்டிக்கு. ஞாயிற்றுக்கிழமை காரில் வருகிறவருக்கு இல்லை.

இப்போது பூட்டு இல்லை. கேட் பக்கத்தில் ஓர் ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவு சந்து விட்டிருக்கிறேன். மாடு நுழையாது. (காட்டெருமைக்கு வேலியே ஒரு பொருட்டில்லை, அது வேறு கதை.) வெளியூர்க்காரர்களும் அதில்தான் வருகிறார்கள். தடத்தைவிட்டு இறங்காதவரை நான் வாயே திறப்பதில்லை.

உண்மையில் ஒடித்த கிளையைவிட எனக்கு எரிகிறது வேறு. காயவைத்த காபியைக் கொண்டுபோனால் வியாபாரி கையில் அள்ளிப் பார்த்து "ஈரம்" என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பார். மீட்டர் எங்கே என்றால் ரிப்பேராம். நான்கு வருஷமாக ரிப்பேர்!

சரி, நீங்கள் போனது எந்தத் தோட்டம்? பச்சைப் பெயின்ட் அடித்த கேட் என்றால் நான்தான். அப்போது பூ இருந்ததா?