பாலில் இரண்டு சொட்டு லாவெண்டர் எண்ணெய் விடலாமா?

கேள்வி: என் மகள் பிரான்ஸில், மார்செய் நகரில் இருக்கிறாள். இந்த முறை வந்தபோது லாவெண்டர் எண்ணெய் ஒரு சின்ன புட்டி, காய்ந்த பூ அடைத்த துணிப் பைகள், சமையலுக்கென்று ஒரு டப்பா பூ எல்லாம் கொண்டுவந்தாள். என் மாமியாருக்கு 74 வயது. சர்க்கரை, பிபி இரண்டும் உண்டு. இரவில் தூக்கம் வராமல் தினமும் பாதி தூக்க மாத்திரை போடுகிறார். அதற்குப் பதிலாகப் பாலில் இரண்டு சொட்டு இந்த எண்ணெய் விட்டுக் கொடுக்கலாமா? தீப்புண்ணுக்கும் இது நல்லது என்கிறார்களே?
(வாசகி, திருச்சி)

பதில்: பாலில் மட்டும் வேண்டாம். மற்றபடி மகள் கொண்டுவந்த எதையும் தூக்கிப்போட வேண்டியதில்லை.

நாம் ஓமத்தண்ணீர் குடிப்போம். ஓம எண்ணெயை அப்படியே குடிப்போமா? அதே கணக்குதான் இதற்கும். ஒரு கிலோ அசல் லாவெண்டர் எண்ணெயை ஆவியில் வடித்தெடுக்க நூறு கிலோவுக்கு மேல் பூ தேவை. அது பாலில் கரையாது. மேலே மிதந்து, முதல் வாயிலேயே தொண்டையை எரிக்கும். ஏற்கெனவே தூக்க மாத்திரை போடுகிறவருக்கு மயக்கம் கூடவும் வாய்ப்புண்டு. சர்க்கரை உள்ளவர், இரவில் இரண்டு முறையாவது பாத்ரூமுக்கு எழுந்திருப்பார். அந்தத் தள்ளாட்டத்தில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் பயம். ஒரு ராத்திரி தூங்காததால் அவ்வளவு கெடுதல் வந்துவிடாது.

ஜெர்மனியில் பதற்றத்துக்கு லாவெண்டர் எண்ணெய் மாத்திரையே இருக்கிறதே என்று மகள் கேட்கலாம். இருக்கிறது. 80 மில்லிகிராம் அளவில், உறைக்குள் அடைத்து, பெரியவர்களுக்கு மட்டும். ஆய்வுகளில் பதற்றம் குறைந்ததாகவும் தெரிகிறது. ஆனால் அது தரம் பார்த்துத் தயாரித்த மருந்து. கையிலிருக்கும் புட்டியில் என்ன இருக்கிறது என்பதே வேறு கதை.

புட்டியில் ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள். ‘லாவெண்டுலா அங்குஸ்டிஃபோலியா’ என்று இருந்தால் அசல் லாவெண்டர். ‘லாவண்டின்’ என்று இருந்தால் அது கலப்பின ரகம்; எண்ணெய் அதிகம் கிடைக்கும், விலை குறைவு, அசலைவிடக் கற்பூரம் அதிகம். தெற்கு பிரான்ஸின் புரோவான்ஸ் பகுதியில் வலென்சோல் மேட்டுநிலத்து ஊதா வயல்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், அவற்றில் பெரும்பகுதி லாவண்டின்தான். துணிக்கும் தரை துடைக்கவும் அது போதும். வீட்டில் பேரக் குழந்தைகள் இருந்தால் புட்டியைப் பூட்டியே வையுங்கள். கற்பூரத்தை விழுங்கி வலிப்போடு வரும் குழந்தைகள் நம் ஊர் மருத்துவமனைகளுக்குப் புதிதல்ல. லாவெண்டர் எண்ணெயைக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். புட்டியையும் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்கு வாருங்கள்.

சரி, தூக்கத்துக்கு என்ன செய்யலாம்? ஒரு பஞ்சில் ஒரு சொட்டு விட்டுத் தலைமாட்டில் வையுங்கள். கொஞ்சம் பலன் இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. இதைச் சோதிப்பதில் ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு: வாசனை வந்ததுமே தனக்கு எது கொடுக்கப்பட்டது என்று நோயாளிக்குத் தெரிந்துவிடுகிறது! எப்படியோ, பஞ்சால் கெடுதல் இல்லை, அவருக்கு அந்த வாசனை பிடித்திருந்தால் சரி. கால் பிடித்துவிட வேண்டுமென்றால் இரண்டு மேஜைக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு ஆறு சொட்டு போதும். முதல் நாள் முழங்கையின் உட்புறம் தடவிப் பாருங்கள். அரித்தால் விட்டுவிடுங்கள். திறந்து நாளான எண்ணெய் காற்றுப் பட்டுக் கெட்டுத் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும்.

தீப்புண் விஷயம். 1910-ல் ரெனே மோரிஸ் கத்தஃபோசே என்ற பிரெஞ்சு வேதியியலாளருக்கு ஆய்வகத்தில் கை வெந்தது. லாவெண்டரால் ஆறியதாக அவரே எழுதினார், ‘அரோமாதெரபி’ (வாசனை எண்ணெய் வைத்தியம்) என்ற பெயரும் அவர் வைத்ததுதான். அதைப் படித்துவிட்டு வெந்த தோலில் நேரடியாக எண்ணெய் ஊற்றுகிறார்கள். குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிட்டுக் காட்டுங்கள், அதுதான் முதலுதவி. பற்பசை, மாவு, இங்க் எதுவும் வேண்டாம், லாவெண்டரும்தான்.

டப்பாவில் உள்ள பூ சமையலுக்கென்றே வந்தது என்பதால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரு கப் கொதிநீரில் ஒரு டீஸ்பூன், ஐந்து நிமிடம் மூடிவைத்து வடிகட்டுங்கள். எலுமிச்சைச் சாறு விட்டால் நன்றாக இருக்கும். அளவு கூடினால் சோப்பைக் கடித்தது போல இருக்கும், முதல் முறை எனக்கு அப்படித்தான் ஆனது. துணிப் பையில் இருக்கும் பூவை இதற்கு எடுக்காதீர்கள். அதில் வாசனைத் திரவியம் தெளித்திருக்கலாம். அது பட்டுப்புடவை பீரோவுக்கு. பூச்சி அண்டாமல் கொஞ்சம் காக்கும், மாதம் ஒருமுறை பையைக் கசக்கிவிட்டால் வாசனை திரும்பும். பாச்சை உருண்டையைவிட எனக்கு இது மேல். ஜி6பிடி குறைபாடு (ரத்த சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவது) உள்ள பச்சிளம் குழந்தைக்கு, பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியைப் போர்த்தினாலே ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம்.

மாமியாரின் மாத்திரைச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிபிக்கு நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் போகவைக்கும் மாத்திரை) இருந்து, அதை ராத்திரி போடுகிறார் என்றால் தூக்கம் கெடுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் இப்படித்தான். மாலை ஐந்து மணிக் காபி, மதியம் இரண்டு மணி நேரத் தூக்கம் இரண்டையும் கேளுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தினமும் போட்டவர் திடீரென்று விட்டால் தூக்கம் இன்னும் மோசமாகும். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சீட்டோடு போனால், எந்த மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றலாம், தூக்க மாத்திரையை எப்படிப் படிப்படியாகக் குறைக்கலாம் என்று அவர் சொல்வார்.